ஆணி வேண்டாம், படம் வேண்டும்

 

இது சின்ன விடயம் போலத்தான் தெரியும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தரம் 6 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு படத்தைப் பார்த்து, அதில் இருப்பவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். பாதிப் பிள்ளைகள் எழுதி வந்தார்கள். மற்றவர்களிடம் காரணம் கேட்டோம். ஒரு பிள்ளை எழுந்து, "எங்க அப்பாயி படம் டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்குது டீச்சர். சுண்ணாம்பு அடிச்சதுக்கப்புறம் செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றது. அதற்குப் பிறகு இன்னும் நான்கைந்து பேர் அதையே சொன்னார்கள். லயத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, டவுனில் கடைக்கு மேலே வாடகை அறையில் இருக்கும் பிள்ளையும் சொன்னது.

நாங்களும் வாடகை வீட்டில் இருந்தவர்கள்தான். சாவியைக் கையில் தரும்போதே "ஒரு ஆணியும் அடிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் தந்தார்கள். அதில் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் ஆணி அடிக்கக் கூடாது என்பதும் படம் மாட்டக் கூடாது என்பதும் ஒன்றல்ல. சுவரையும் காப்பாற்றலாம், படத்தையும் மாட்டலாம். எங்கள் கருத்து இதுதான்.

முதலில் சுவருக்காகப் பேசுவோம். பழைய லயங்களின் சுவர் பெரும்பாலும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசியது. அதில் கொங்கிறீட் ஆணியை வைத்து நாலு அடி அடித்தால், ஆணி கல்லில் பட்டு வளையும், அல்லது மண்ணுக்குள் போய் ஆடும். சுற்றியுள்ள பூச்சு ஒரு கை அகலத்துக்குக் கழன்று விழும். ட்ரில் போட்டாலும் வோல் பிளக் பிடிக்க உள்ளே உறுதியான பொருள் இருக்க வேண்டும். மண்ணில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். பூச்சு கழன்ற இடத்தில் மழைக்காலத்து ஈரம் ஏறும். ஆகவே "ஆணி அடிக்காதே" என்பவர் எல்லாரும் கெட்டவர் அல்ல. இன்னொன்று, அஸ்பெஸ்டஸ் தகட்டில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் துளை போடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

அப்படியென்றால் கடையில் விற்கும் ஒட்டும் கொக்கியை வாங்கி ஒட்டிவிடலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். நாங்களும் நினைத்தோம். இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. தவறு கொக்கியில் இல்லை. ஒட்டும் பட்டை சுவரில் ஒட்டுவதில்லை, சுவரின் மேற்பூச்சில்தான் ஒட்டுகிறது. சுண்ணாம்பு விரலில் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். அப்படியிருக்க பட்டையோடு மட்டும் வராமல் இருக்குமா? அதோடு வடகீழ்ப் பருவமழை வந்தால் எங்கள் ஊர்ச் சுவர்கள் மாதக்கணக்கில் காய்வதில்லை. ஈரச் சுவரில் எந்தப் பசையும் நிற்காது.

எமல்ஷன் பெயின்ட் அடித்த, மழமழப்பான, காய்ந்த சீமெந்துச் சுவர் இருப்பவர்கள் தாராளமாக அதைப் பாவிக்கலாம். முதலில் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டினால் வேண்டாம். ஒட்டாவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, பட்டையை ஒட்டி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் படத்தை மாட்டுங்கள். கழற்றும்போது உங்கள் பக்கம் இழுக்கக் கூடாது. வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சுவரோடு ஒட்டியபடி கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால் பெயின்ட் உரியாது. பிள்ளை படுக்கும் இடத்துக்கு நேர்மேலே மட்டும் மாட்ட வேண்டாம்.

படத்தின் பாரத்தையும் கணக்குப் பாருங்கள். 2 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 5 கிலோ. அப்படியானால் ஏ4 அளவுப் படத்தில் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 300 கிராம். 12 அங்குலத்துக்கு 18 அங்குலப் படத்தில் ஏறக்குறைய 700 கிராம். சட்டமும் பலகையும் வேறு. கண்ணாடிக்குப் பதிலாக அதே தடிப்பில் அக்ரிலிக் தகடு போட்டால் அந்தப் பாரம் பாதிக்கும் குறையும், விழுந்தாலும் சில்லு சில்லாக உடையாது.

சுண்ணாம்புச் சுவர் இருப்பவர்கள் சுவரை மறந்துவிட்டுக் கூரையைப் பாருங்கள். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் வீடுகளில் சுவரின் மேற்பக்கம் நீளமாக ஒரு மரச்சட்டம் ஓடும். படங்களை அதிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். சுவர்ப்பூச்சு கெடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதையே நாமும் செய்யலாம். இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் ஒன்றை, கூரைக் கைமரத்தில் இரண்டு இடத்தில் கட்டி, சுவரோரமாகப் படுக்கையாகத் தொங்கவிடுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு படத்தையும் இரண்டு தங்கூசியில் தொங்கவிடுங்கள். ஒரு தங்கூசியில் தொங்கினால் படம் சரியும். தங்கூசி முடிச்சு வழுக்கும், இரண்டு மூன்று முடிச்சுப் போடுங்கள். படத்தின் பாரத்தைப் போல பல மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள். கரண்ட் வயர் போகும் மரத்தில் கட்ட வேண்டாம். சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்பக்கமாக இரண்டு றப்பர்த் துண்டு ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போகும், பூஞ்சணம் பிடிக்காது. அடுப்புப் புகை வரும் பக்கம் தவிருங்கள். இதற்கு இடமில்லாதவர்கள் அலுமாரிக்கு மேலே ஒரு பலகை வைத்து, முன்விளிம்பில் மெல்லிய சட்டம் அடித்து, படங்களைச் சாய்த்து வைக்கலாம்.

படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வைத்துக் கண்ணாடிக்கு மேலாகவே போனில் படம் எடுங்கள். புதிதாகச் சட்டம் போடுபவர்கள் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் நாலு பக்கமும் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் முஸ்லிம் சகோதரர்கள் சிலர் கேட்கக்கூடும், உருவப்படத்தை மாட்டச் சொல்லி எழுதலாமா என்று. உருவப்படம் பற்றிய ஹதீஸ்களை நாங்கள் அறிவோம், அதில் உலமாக்களின் கருத்து வேறுபாடுகளையும் அறிவோம். எங்கள் வீட்டுச் சுவரில் ஆயத்துல் குர்ஸியும் கஃபாவின் படமும்தான் இருக்கின்றன. அவையும் ஆணி இல்லாமல்தான் நிற்கின்றன. குர்ஆன் வசனம் எழுதிய சட்டம் தரையில் விழுந்து உடைந்தால் நமக்கு எப்படி மனம் பதறும்? பக்கத்து லயத்து வீட்டில் அப்பாயியின் படம் விழுந்தாலும் அவர்களுக்கு அப்படித்தான்.

அந்தப் படங்கள் எப்படி வந்தன என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையக மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கடவுச்சீட்டுக்காகவும் விண்ணப்பத்துக்காகவும் எடுத்த படம்தான் சில குடும்பங்களில் பாட்டன் பாட்டியின் ஒரே படம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் வரலாறே அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. அது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பிள்ளைக்கு என்ன தெரியும்?

2014 ஒக்டோபர் 29இல் நமது மாவட்டத்திலேயே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மண்சரிவுகள். அப்படியான நேரத்தில் படத்தை எடுக்க யாரும் திரும்பி ஓடக் கூடாது. உயிர்தான் முதலில். அதனால்தான் சொல்கிறோம், சுவரில் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் இன்றே போனில் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள்.

கடைசியாக, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. எத்தனை கை மாறினாலும், அந்தக் காம்பராவிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோரின் பெயரில் உறுதி இல்லை. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் என்று 2023இல் நினைவு கூர்ந்தோம். மூன்று நான்கு தலைமுறை குடியிருந்த சுவரில் ஒரு ஆணிக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல் இருந்தது சில வருடங்கள். நாளைக்குச் சொந்த வீடு கட்டுவோம் என்ற நம்பிக்கையில் இருந்தோம். அவர்கள் அப்படி இருப்பது இருநூறு வருடங்களாக. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

ரீப்பரும் தங்கூசியும் காணி உறுதிக்குப் பதிலாகாது. அந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் உறுதி வரும்வரை அப்பாயி பெட்டிக்குள் இருக்க வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது மூன்று விடயம். ஒன்று, சுண்ணாம்பு அடிக்கும்போது அறைக்கு ஒரு ரீப்பர் தொங்கவிடத் தோட்ட நிர்வாகங்களும் வீட்டுக்காரர்களும் அனுமதி கொடுங்கள். சுவருக்கு ஒரு கீறலும் வராது. இரண்டு, புதிதாக வீடு கட்டும் திட்டங்களில் சுவரின் மேலே ஒரு மரச்சட்டத்தையும் சேர்த்துக் கட்டுங்கள், பெரிய செலவில்லை. மூன்று, பெற்றோர்களே, பெட்டியில் இருக்கும் படத்தைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். பாடசாலையில் நாங்கள் போனில் பிரதி எடுத்துத் தருகிறோம், பின்னால் பெயரும் ஊரும் எழுதித் தருகிறோம்.

பெட்டியில் அப்பாயி இருப்பதாகச் சொன்ன பிள்ளை இந்தக் கிழமை படத்தைக் கொண்டுவந்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, "எங்க அப்பாயி" என்று எல்லாருக்கும் காட்டியது. ஒரு ஆணியும் தேவைப்படவில்லை.