பார்க்காம ஏத்துறவருக்குப் பயப்படணுமா?

காணும் பொங்கலன்னைக்கு எங்க தவளக்குப்பத்துத் தோப்புல மூணு சீட்டு ஓடும். வெண்டைக்காய் வித்த காசு 800 ரூபாயோட உட்கார்ந்தேன். கையில ரெண்டு ஏஸ், ஒரு ஒன்பது. மத்தவங்க கவுத்துட்டாங்க. எதிரே பங்காளி ஒருத்தர் மட்டும், சீட்டைத் திருப்பிப் பார்க்காமலே பிளைண்ட்ல ஏத்திக்கிட்டே போறார். அவர் 20 வச்சா, பார்த்து ஆடுற நான் 40 வைக்கணும். இவ்வளவு தைரியமா ஏத்துறாரேன்னு மிரண்டு நானும் கவுத்தேன். அவர் திருப்பினது ஏழு, நாலு, ரெண்டு!

"முரட்டு ஆட்டக்காரன்கிட்ட ஒதுங்கிடு"ம்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். தன் சீட்டே தெரியாதவர் ஏத்துறதுல நமக்கு என்ன சேதி இருக்கு? என் மகன் கணக்குப் போட்டான்: மூணு சீட்டு 22,100 விதமா விழும், அதுல ஜோடியை அடிக்கிறது 1,916 தான். நூத்துக்கு ஒம்பதுகூட இல்லைங்க.

அவர் பார்த்துட்டு ஏத்தினா கதை வேற, அப்ப ஏஸ் ஜோடியும் நோஞ்சான்தான். பார்க்காத வரைக்கும் ஒண்ணு ரெண்டு சுத்து கூட வச்சுட்டு, கையில காசு இருக்கும்போதே, உங்க ஆட்ட விதி விட்டா, ஷோ கேட்டுடணும். இழுத்தா ரெட்டிப்புக் காசு நம்ம மடியைத்தான் கரைக்கும்.

வர்ற பொங்கலுக்குப் பங்காளி வராரான்னு விசாரிச்சு வச்சிருக்கேன்.