தார் காணாத தடங்கள்



காலை எட்டரை மணிக்குச் சென்னை மேடவாக்கம் கூட்டுரோட்டில் சைக்கிளோடு நின்று பார்த்தவர்களுக்கு, இந்த இதழில் சைக்கிளுக்கு ஏன் இத்தனை பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலம் 2022இல் திறந்தாயிற்று. மேலே கார்கள் பறக்கின்றன. கீழே தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, கம்பெனி வேன் எல்லாம் போக மிஞ்சும் ஓரத்து மணல்தான் சைக்கிள்காரருக்கு. அதனால் நம் பக்கத்தில் சைக்கிள் மிதிப்பவர்கள் இருட்டோடு கிளம்பி சித்தாலப்பாக்கம், பொன்மார், மாம்பாக்கம் என்று தெற்கே போய், பள்ளிப் பேருந்துகள் புறப்படுமுன் வீடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் தெம்புள்ளவர்கள் திருப்போரூர்–செங்கல்பட்டு சாலை வரை போவார்கள். இருபுறமும் காப்புக்காடு, நடுவே கால் சதைக்கு வேலை வைக்கும் சின்னச் சின்ன மேடுகள். உண்மையான மலைச்சாலைக்கு ஏங்குபவர்களுக்கு அது போதாது.

அவர்களுக்குத் தோதாக, இப்போது கடைகளில் ‘கிராவல் சைக்கிள்’ என்று ஒரு வண்டி வந்திருக்கிறது. பார்வைக்கு ரேஸ் சைக்கிள்தான், ஹேண்டில்பாரும் அதேபோல வளைந்திருக்கும். வித்தியாசம் டயரில். ரேஸ் சைக்கிள் டயரின் அகலம் பெரும்பாலும் 25 முதல் 28 மில்லிமீட்டர். இதில் 40ஐத் தாண்டும். காற்றும் பாதிதான் அடிப்பார்கள். டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தால்தான் சரளைக்கல்லைப் பற்றிக்கொண்டு உருளும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற சிற்றூரில் 2006இல் மண்சாலைப் போட்டி ஒன்று தொடங்கியது. கார் வராத வழியாகத் தேடிப்போகும் இந்தப் பழக்கம் பரவிப் பரவி, 2022இல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப் வரை வந்துவிட்டது.

இதற்கு ஏற்ற இடம் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையைத்தான் சொல்கிறேன். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திருவண்ணாமலை வழியாகப் போளூர் போய்விட்டால், அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறலாம். கூட்டமில்லாத பஸ்ஸில் முன்சக்கரத்தைக் கழற்றி, லக்கேஜ் டிக்கெட் எடுத்து சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால், அது கண்டக்டரின் மனசைப் பொறுத்தது. மறுபக்கம் ஆலங்காயத்திலிருந்து ஏறினால் வழியில் காவலூர். இரவில் விளக்கு வெளிச்சம் குறைந்த மலை என்பதால்தான் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் அங்கே அமைந்தது. 1986இல் திறந்த அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கி அன்றைக்கு இந்தியாவிலேயே பெரியது.

இரண்டு மலைச்சாலைகளும் தார் போட்டவைதான். மேலே போன பிறகு ஊருக்கு ஊர் பிரியும் வழிகளில்தான் செம்மண்ணும் சரளையும் வரும். ஒரு பக்கம் சாமை வயல், மறுபக்கம் பலாவும் புளியும். வெகுநேரத்துக்கு ஒரு பைக் வந்தாலே அதிகம். இந்த வழியில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுற்றும். சீட்டில் உட்கார்ந்தபடி, சின்ன கியரில், அவசரப்படாமல் மிதிக்க வேண்டும். இறக்கத்தில் வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய் முன்பிரேக்கை இறுக்கினால் முழங்கை சிராய்ப்பது நிச்சயம்.

போன முறை நான் போயிருந்தபோது அப்படி ஓர் இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். எதிரே விறகுக் கட்டோடு வந்த பாட்டி ஒருவர் நின்று, ஹெல்மெட்டையும் ஹேண்டில்பாரில் இருந்த சின்ன மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரோடு அளக்க வந்தியா தம்பி?” என்றார். இல்லை பாட்டி, சும்மா சுற்றிப்பார்க்க என்றேன். “இந்த வழியிலயா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. ஆம்புலன்ஸ் ஊர் வரை போக வழியில்லை. பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட தாய், குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் இதே மலைத்தொடரைச் சேர்ந்த இடம்தான். வண்டி வராத வழி என்று நாம் கொண்டாடுகிற அதே வழியில்தான் அங்கே பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

இதனால் அங்கே போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. விருந்தாளியாகப் போக வேண்டும் என்கிறேன். ஊருக்குள் நுழைந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சாமையோ தேனோ அங்கேயே வாங்குங்கள், விலையில் பேரம் பேசாதீர்கள். பஞ்சர் போட வேண்டிய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். சைக்கிள் கடை எதிர்ப்படும் என்று நம்பிப் போகாதீர்கள். ஊர்ப் பாதையை விட்டு அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களில் பலர் சென்னையிலிருந்து மலையேறப் போனவர்கள். வெயில் காலத்தில் ஜவ்வாது மலையும் காய்ந்துதான் கிடக்கும். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரிதான் தோதான மாதங்கள்.

இந்த மண்தடங்களுக்கும் ஒருநாள் தார் வரும். அன்று நமக்குச் சரளை கிடைக்கவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். ஆம்புலன்ஸ் போகிற சாலை, நம் ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை விடப் பெரியது.

மலைப்பக்கம் சொந்த ஊர் இருக்கிற வாசகர்களே, உங்கள் பக்கத்து அமைதியான வழிகளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எழுதும்போது, அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் தவறாமல் சேர்த்து எழுதுங்கள். அதையும் சேர்த்தே அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்