புதிய பூட்டும் பழைய திறப்பும்

ஒரு துண்டுக் காகிதத்தின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதி நாட்களில், முல்லைத்தீவுக் கரையை நோக்கி நகர்ந்தவர்கள் காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையிற் சுற்றி உடலோடு கட்டிக்கொண்டு நடந்தார்கள். அப்படிக் காத்தும் இழந்தவர் பலர். மீளக் குடியமர்ந்த பின்னர், தாம் பிறந்ததையும் தம் காணி தமதே என்பதையும் மெய்ப்பிக்க அவர்கள் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்த நடையை நான் அறிவேன்.

இன்று அப்பதிவுகள் கணினித் தரவுத்தளங்களிற் குடிபுகுகின்றன. நல்ல காரியமே. ஒன்று எரிந்தாலும் இன்னொன்று எஞ்சும் என்பதுதான் இதன் பயன். ஆனால் அந்த இன்னொன்று மெய்யாகவே இருக்கிறதா?

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அரசாங்க மின்னஞ்சற் சேவையைக் கப்பம் கேட்கும் தீய நிரலொன்று தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. அக்காலத்துக்குரிய மறுபிரதி இருக்கவில்லை. அங்கே இயங்கியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை ஆக்கிய நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் முன்னரே இருந்தும், பணமுடை தடுத்தது என்றனர் பொறுப்பாளர்.

அப்படியாயின் உடனே புதுப்பித்துவிட்டாற் போதுமா? போதாது. இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். அதன் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற விவாதம் எழுந்தது. எவர் பக்கம் நியாயம் என்பது இங்கு நம் பொருளன்று. அணைக்கட்டை உயர்த்தினால், கதவைத் திறக்கும் விதியையும் மீள எழுத வேண்டும் என்பதே நாம் கொள்ளும் பாடம்.

தரவுத்தளங்களின் கதையும் இதுவே. 2018இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையை வன்மையாக்கியது. பழைய நிரல்கள் சில அதனோடு இணைய முடியாமல் நின்றன. 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15, பொதுவெளியில் எவரும் புதிய அட்டவணை அமைக்கலாம் என்றிருந்த தாராளத்தை நீக்கியது. ஆயினும் அத்தடை புதிதாய் அமைக்கும் தரவுத்தளங்களுக்கே உரியது. பழைய தரவுத்தளத்தைக் கொண்டுவந்து குடியேற்றினால், பழைய உரிமைகளும் கூடவே வந்துவிடும். வீடு புதிது, திறப்புக் கோவை பழையது!

இங்கேதான் ஆபத்துப் பதுங்கியிருக்கிறது. புதுப்பித்த மறுநாட் காலை, அலுவலக வாயிலில் மக்கள் வரிசை. புதிய பூட்டு பழைய திறப்பை ஏற்க மறுக்கிறது. பொறுப்பாளர் என்ன செய்வார்? "இப்போதைக்கு" என்று சொல்லிப் பூட்டைத் தளர்த்துவார். வரிசை நகரும், தளர்த்திய பூட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அவரை நான் குறை கூறேன். மாற்றத்துக்கு முன் ஒத்திகைக்கு நாளும் பணமும் ஒதுக்காத நிருவாகத்தையே குறை கூறுவேன்.

ஆதலின் நாம் கேட்க வேண்டியவை மூன்று. மாற்றத்துக்கு முன், வேறோரிடத்தில் வைத்த மறுபிரதியிலிருந்து பதிவுகளை மீட்டுப் பார்த்தார்களா? மாற்றத்தின்போது, எவர் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்ற பட்டியலைப் புதிதாய் எழுதி, இடம்மாறிச் சென்ற உத்தியோகத்தரின் அனுமதியை நீக்கினார்களா? "இப்போதைக்கு" எனத் தளர்த்தியவற்றைத் திரும்ப இறுக்க நாள் குறித்தார்களா?

இவை கொழும்புக் கணினி வல்லாருக்குரிய கேள்விகள், கிளிநொச்சிக் கமக்காரனுக்கு எதற்கு என்பார் சிலர். பெயரொன்று பதிவிலிருந்து மறைந்தால், அல்லது காணியொன்று வேறு பெயருக்கு மாறினால், மீண்டும் படியேறப் போகிறவன் அந்தக் கமக்காரன்தானே? அன்று பொலித்தீன் பையை இறுகக் கட்டிய கைகளுக்கு, இன்று அந்த முடிச்சு எவர் கையில் உள்ளது என்று கேட்கும் உரிமை உண்டு.