முடித்தவர் பெயர்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் செஞ்சிக் கோட்டை பார்க்கப் போகிறவர்கள், மாடி மேல் மாடியாய் எழுந்து நிற்கும் கல்யாண மகாலைக் கண்டு வியப்பார்கள். அதை நிர்மாணித்த சிற்பி யார்? பெயர் சொல்லுவாரில்லை.

இந்தக் கதி சென்னை மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. மாளிகைக்கும் நேரலாகாது. 177 அடி உயரமுள்ள அக்கட்டிடத்துக்குப் படம் வரைந்தவர்கள் பிரௌன், மௌலின் என்ற லண்டன் நிபுணர்கள். வேலை நடக்கையில் அவர்கள் விலகிவிட்டார்கள். பொறுப்பேற்று 1959-இல் பூர்த்தி செய்தவர் ஸ்ரீ எல். எம். சித்தலே. அந்நிய ஆட்சி நடந்த 1932-லேயே சென்னையில் சொந்தக் கட்டிடக்கலை ஸ்தாபனம் கண்டவர் அவர். குமாரர் காலத்திலும் அது தழைத்தது.

பெரிய வேலைக்கு வெள்ளைக்காரர்தான் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அம்மாளிகையே மறுமொழி. தொடங்கியவர் பெயரோடு முடித்தவர் பெயரையும் நம் குழந்தைகளுக்குச் சொல்லுவோமாக.