மார்ச் மாதத்தை மனதில் சுமப்பவர் யார்?

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மார்ச் போல நெருக்கடியான மாதம் வேறில்லை. விடியலில் பின்பனி இன்னும் மிச்சமிருக்கும். பதினொரு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மாமரம் பிஞ்சு விட்டிருக்கும், வேப்பம்பூ உதிரத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் பிளஸ் டூ பொதுத் தேர்வு வரும். அது முடிவதற்குள் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டு விழா, அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பம், மார்ச் 31க்குள் கட்ட வேண்டிய வரி, அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய காப்பீட்டு ரசீது, மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது காரடையான் நோன்பு, பிறகு பங்குனி உத்திரம். நடுவில் யாருக்காவது இருமலோ அம்மையோ. பல வீடுகளில் இவையெல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவியும்.

இந்த வாரத்தில் வேலைகளை யார் செய்கிறார்கள் என்று கேட்டால், எல்லோரும்தான் என்ற பதில் பல வீடுகளில் ஓரளவு உண்மையாகவே இருக்கும். அப்பா வண்டியில் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார், தாத்தா சின்னவளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார். நான் கேட்க விரும்புவது வேறு. ஹால் டிக்கெட் எந்தக் கோப்பில் இருக்கிறது, இருமல் மருந்து இன்னும் எத்தனை வேளைக்கு வரும், ஆண்டு விழாவுக்கு வெள்ளை சாக்ஸா கறுப்பு சாக்ஸா, மாமியாரின் பிரஷர் மாத்திரை தீரப்போவது என்றைக்கு என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அது ஒரே ஒருவர். அவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

அரசின் கணக்கு கையால் செய்யும் வேலையைச் சொல்கிறது. 2024ஆம் ஆண்டு முழுவதும் நாடெங்கும் சுமார் 1.39 லட்சம் குடும்பங்களில் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 6 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அந்த 88 நிமிடங்களும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களுக்கான சராசரி மட்டுமே. அப்படிக் கை வைத்தவர்கள் நூற்றுக்கு 27 பேர்தான். 15 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு 2019இல் 315 நிமிடங்களாக இருந்தது, 2024இல் 305 ஆகியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது.

இந்தக் கணக்கெடுப்பை நான் மதிக்கிறேன். 1998–99இல் ஆறு மாநிலங்களில் முதல் முயற்சி நடந்தபோது அதில் தமிழ்நாடும் இருந்தது. ஆனால் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முந்தைய நாள் காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரையிலான பொழுதை அரை மணி அரை மணியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஒரே அரை மணியில் பல வேலைகள் நடந்திருந்தால், பத்து நிமிடமாவது நீடித்தவற்றில் மூன்று வரைதான் பதிவாகும். நினைவில் வைத்திருக்கும் வேலை எப்போது பத்து நிமிடம் நீடித்தது? அது இருபது விநாடி, நாற்பது விநாடி என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடப்பது.

ஒரு வடாம் காலையை எடுத்துக்கொள்வோம். பங்குனி வெயில் வடாம் இடத் தோதானது என்பதால் தேர்வு வாரத்திலும் அது நடக்கிறது. முதல் நாள் இரவே ஜவ்வரிசியை ஊறவைத்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு அடுப்பில் கூழ் கொதிக்கிறது. கை ஓய்ந்தால் அடி பிடிக்கும். கிண்டிக்கொண்டே, கூடத்தில் உயிரியல் ஒப்பிக்கும் பையன் எங்கே தடுமாறுகிறான் என்று காது கொடுத்தாக வேண்டும். பெருங்காயம் கரைத்து, அரைத்த பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் மாடிக்குப் போய், நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். காக்காய் வராமலிருக்க மூலையில் கறுப்புக் குடை. கீழே வந்தால் தேர்வுக்குப் போகிறவனுக்கு இட்லி. பத்தே கால் மணிக்கு எழுதத் தொடங்கி ஒன்றே கால் வரை உட்கார வேண்டியவனுக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது. சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடாத்தை உரிக்கும்போது, மேகம் கூடுகிறதா என்று ஒரு கண் மேலே போகும். கணக்கெடுப்பில் இது “சமையல்” என்று ஒரு வரியாக முடிந்துவிடும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இந்த இடத்தில் உதவுகிறது. 35 தம்பதிகளிடம் பேசி, வீட்டின் சிந்தனை வேலையை அவர் நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவு சரியாக நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் சேர்ந்தே இருந்தார்கள். முன்கூட்டியே உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுந்தன. நம் வீடுகளிலும் எந்தக் கல்லூரி என்ற முடிவில் அப்பாவின் குரல் ஓங்கி ஒலிக்கும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருப்பது அம்மாவாக இருக்கும்.

“என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்” என்று நல்ல கணவர்கள் சொல்கிறார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து, சொல்லி, செய்தாயிற்றா என்று திரும்பக் கேட்பதே பாதி வேலை. அந்தப் பாதி அவளிடமே தங்கிவிடுகிறது. சம்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது இன்னும் கடுமை. வங்கியிலோ கருவூலத்திலோ இருந்தால் மார்ச் கடைசியில் இரவு எட்டு மணிக்கு முன் அவள் வீடு திரும்ப முடியாது. கணக்கை முடிக்கும் அதே தலைக்குள் வீட்டின் பட்டியலும் ஓடிக்கொண்டிருக்கும்.

பழியைக் கணவர்கள் மீது மட்டும் போட்டு முடித்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. வீட்டில் எந்த நேரமும் ஒருவர் சும்மா இருப்பார் என்று நம்பியே நம் நிறுவனங்கள் நடக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: நாளை காலை சார்ட் அட்டை, பச்சைச் சட்டை, ஒரு காய்கறி மாதிரி. எந்தக் கடை அப்போது திறந்திருக்கும்? பெற்றோர் கூட்டம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வைக்கப்படும். ஆசிரியைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்கும் அந்தச் சுற்றறிக்கை மாலை ஆறு மணிக்குத்தான் வந்திருக்கும். அவர்கள் வீட்டிலும் இதே மார்ச்தான்.

ஒரு நிறுவனம் மனது வைத்தால் எவ்வளவு பாரம் இறங்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் பசியோடும் வருகைப் பதிவோடும் சேர்த்தே பேசுகிறோம். அது சரிதான். அதோடு, கூலி வேலைக்கோ பூ மார்க்கெட்டுக்கோ விடியலில் கிளம்பும் தாயிடமிருந்து ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொண்டது அது. என்ன செய்வது, ரவை இருக்கிறதா, சாப்பிட்டானா என்ற மூன்று கேள்விகளும் அவள் தலையை விட்டு இறங்கின. சரியாக ஓராண்டு கழித்து காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, வீட்டுப் பெண்ணின் உழைப்பை அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய அந்தத் தொகை அவளுக்குக் கௌரவம் தருகிறது, நேரம் தருவதில்லை. தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்த காலை உணவு மேல் வகுப்புகளுக்கும் முழுமையாகப் போக வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் பசிக்கும்.

வீட்டுக்குள்ளும் இதே வழிதான் பலிக்கும்: வேலையை முழுதாகக் கைமாற்றுவது. தேர்வு என்றால் தேர்வு மொத்தமும் அப்பாவுடையது. கால அட்டவணை, ஹால் டிக்கெட், பேனா, முதல் நாள் இரவு தூங்கினானா என்பது, முடிந்து வருகிறவனின் முகத்தைப் பார்த்து அன்றைய தாளைப் பற்றிக் கேட்பதா விடுவதா என்பது, எல்லாமே. முதல் முறை ஒன்றிரண்டு தவறும். தவறட்டும், அம்மா பின்னாலேயே போய்ச் சரிசெய்தால் வேலை திரும்ப அவளிடமே வந்துவிடும். பாட்டியின் மருந்து பெரிய மகனுடையது என்றால், தீரும் தேதியை அவன்தான் கவனிக்க வேண்டும்.

பள்ளிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. எதைக் கொண்டுவரச் சொன்னாலும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லலாம். கூட்டங்களைச் சனிக்கிழமை வைத்துவிட்டு, அதற்கு வரும் ஆசிரியர்களுக்கு ஈடு விடுப்பு தரலாம். மார்ச் புதிய சேர்க்கைகள் தொடங்கும் நேரமும்கூட. விண்ணப்பத்தில் தொடர்பு எண் கேட்கும் இடத்தில் அப்பாவின் எண்ணை முதலில் வாங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவரைத்தான் முதலில் அழைப்போம் என்று சேர்க்கை நாளிலேயே அவரிடம் சொல்லிவிடலாம்.