யாருடைய இசை?

கலை வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது என்று வாதிடுவோரை இலக்கிய மேடைகளில் மாத்திரமே சந்திக்க நேரும் என எண்ணியிருந்தேன். அண்மையில் அதே வாதத்தை, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், மல்யுத்த இசைத்தட்டுக்கள் நிரம்பிய ஓர் அலுமாரியின் முன்னே நின்று கேட்டேன். அலுமாரிக்கு உரியவர் என் சக ஆசிரியர், பண்பாளர், தொழிற்சங்கக் கூட்டங்களுக்குத் தவறாது வருபவர். 1990-களில் அமெரிக்க மல்யுத்தக் கம்பெனிகள் வெளியிட்ட இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் தேடித் தேடிச் சேர்ப்பது அவர் பொழுதுபோக்கு. “இது சின்ன வயதுச் சந்தோஷம். இதுக்குள்ளையும் அரசியலைக் கொண்டு வராதேங்கோ மாஸ்டர்” என்றார்.

அரசியலை நான் கொண்டுவரவில்லை. அது அவ்விசைத்தட்டின் உறைக்குள்ளேயே இருக்கிறது.

தொழில்முறை மல்யுத்தம் வெற்றி தோல்வி முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஒரு நாடகம். இதனை 1989-இல் நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபையின் முன் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே ஒப்புக்கொண்டது. உண்மையின்மீது கொண்ட பற்றினால் அன்று. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதற்காகவே. நாடகமாயினும் முறியும் எலும்பு மெய்யான எலும்பே. இந்நாடகத்தில் ஒவ்வொரு மல்லனும் மேடைக்கு வருமுன் அவனுக்கென அமைந்த இசை ஒலிக்கும். அவ்விசையைத் தனியே பிரித்து விற்கலாம் என்பதை 1985-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலேயே கம்பெனி கண்டுகொண்டது. 1992 டிசம்பரில் ‘ஸ்லாம் ஜாம்’ என்னும் பாட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தைப் பிடித்தது. மறு ஆண்டில் மல்லர்களையே பாடவைத்து ஒரு முழு இசைத்தட்டும் வந்தது. அவர்களுட் சிலருக்குப் பாட வராது என்பதை நண்பரும் மறுக்கவில்லை.

ஆயினும் இவ்விசை முழுவதையும் குப்பை எனத் தள்ளுவது நேர்மையாகாது. 1985 முதல் முப்பதாண்டுகளுக்கு மேலாக அக்கம்பெனிக்கு இசையமைத்த ஜிம் ஜோன்ஸ்ரன் திறமையாளர். சொப்பினின் சாவூர்வல இசையை அண்டர்டேக்கர் என்னும் மல்லனின் வருகைக்கு அவர் பயன்படுத்திய விதமும், கண்ணாடி நொறுங்கும் ஓசையொன்றினாலேயே ஸ்டீவ் ஒஸ்ரினின் கோபத்தை அரங்கம் முழுவதும் பரவச்செய்த விதமும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. என் நண்பர் ரசிப்பது பொய்யான ஒன்றையன்று. நான் கேட்பது வேறு: இவ்விசை யாருடையது?

ரேஸர் ரமோனின் கதையை எடுத்துக்கொள்வோம். கியூபாவிலிருந்து வந்த முரடன் என்று அமெரிக்க மக்களுக்குக் காட்டப்பட்ட இப்பாத்திரத்தை நடித்தவர் ஸ்கொட் ஹோல் என்னும் அமெரிக்கர். கியூபா என்றதும் ஒரு போக்கிரியே நினைவுக்கு வரவேண்டும் என்பது யாருக்கு வசதியானது என்பதை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1996-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஃபுல் மெட்டல்’ இசைத்தட்டில் இவருடைய வருகை இசையும், டீசல் என்ற பெயரில் நடித்த கெவின் நாஷின் வருகை இசையும் இடம்பெற்றன. அதே ஆண்டில் இருவரும் கூடுதல் ஊதியத்தை நாடிப் போட்டிக் கம்பெனிக்குச் சென்றனர். உடல் மாத்திரமே அவர்களுடன் சென்றது. பெயரும் வேடமும் இசையும் முதலாளியின் உடைமைகளாகத் தங்கிவிட்டன. போட்டிக் கம்பெனிமீது வழக்கும் தொடுக்கப்பட்டது. அதோடு நின்றதா? இலையுதிர் காலத்தில் வேறிரு மல்லர்களுக்கு அதே பெயர்களைச் சூட்டி, அதே உடையை அணிவித்து, அதே இசையை ஒலிக்கவிட்டு மேடையேற்றினர். ஆலையில் ஒருவன் விலகினால் அவனது இலக்கத்தை அடுத்தவனுக்குக் கொடுப்பது போன்றதே இது. அரங்கத்தார் அதனை ஏற்கவில்லை. பொய் வேடம் சில மாதங்களுக்குமேல் நிலைக்கவில்லை. கம்பெனியின் கணக்கில் மனிதன் எவ்வளவு என்பது மாத்திரம் வெளிப்பட்டுவிட்டது.

இம்மனிதர்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளரே அல்லர், ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’. ஆண்டின் பெரும்பகுதியை ஊர் ஊராக அலைந்தே கழித்தவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முதலாளி செலுத்தும் நோய்க் காப்புறுதியும் இல்லை. 1986-இல் ஜெசி வென்ச்சுரா தொழிற்சங்கம் அமைக்க முயன்றார். அம்முயற்சியை முதலாளி வின்ஸ் மக்மஹனிடம் சொன்னவர் ஹல்க் ஹோகனே என்பது பின்னர் தாம் தொடுத்த வழக்கின் விசாரணையில் தெரியவந்ததாக வென்ச்சுரா கூறியுள்ளார். 2025-இல் காலமான இந்த ஹோகனின் அடையாளமாக விளங்கிய தேசபக்திப் பாட்டுக்கூட முதலில் வேறிரு மல்லர்களுக்காக ஆக்கப்பட்டு இவருக்கு மாற்றப்பட்டதே. வென்ச்சுராவின் வழக்கோ வீடியோ நாடாக்களில் ஒலித்த தமது குரலுக்குரிய பங்கைக் கேட்டது. 1994-இல் யூரிமார் அவருக்கு எட்டு இலட்சம் டொலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்தனர். பதிவுசெய்யப்பட்ட குரலிலும் உழைப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

1999 மே 23-ஆம் நாள், கன்சாஸ் சிற்றியில், ஓவன் ஹார்ட் என்னும் மல்லர் தம் வருகையின்போதே உயிரிழந்தார். அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரவேண்டும் என்பது ஏற்பாடு. கொக்கி விடுபட்டு வீழ்ந்தார். அவருக்கு வயது முப்பத்து நான்கு. நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. அடுத்த மல்லர் வந்தார். அவருக்குரிய இசை ஒலித்தது. அவ்வாண்டு நவம்பரில் கம்பெனியின் நான்காவது இசைத்தொகுதி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது.

இதை நான் சொன்னபோது நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அதுக்குப் பாட்டு என்ன செய்யும்?” என்றார். பாட்டு ஒன்றும் செய்யாதுதான். அலுமாரிக்குத் தீ வைக்குமாறும் நான் கூறவில்லை; கம்பெனி கைவிட்ட பதிவுகளைக் காப்பாற்றி வைத்திருப்போர் இத்தகைய சேகரிப்பாளர்களே என்பதையும் அறிவேன். ஆனால் இன்று ‘அந்தக் காலம்’ என்ற ஏக்கத்தையே பண்டமாக்கிப் பழைய இசையையும் பழைய முகங்களையும் அதே கம்பெனி மீண்டும் விற்கிறது. 2025 முதல் பத்தாண்டுகளுக்கு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்துடன் அது செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பெறுமதி ஐந்நூறு கோடி டொலருக்கு மேற்பட்டது. அந்த விற்பனைக்கு நமது பிள்ளைப் பருவத்தைக் கூலியில்லா விளம்பரமாகக் கொடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

நண்பரிடம் ஒரு கொப்பி உண்டு. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் வெளிவந்த ஆண்டு, வெளியிட்ட நாடு, உறையின் நிலை, கொடுத்த விலை ஆகியவற்றைக் கோடிட்டு அழகாக எழுதி வைத்திருக்கிறார். இன்னும் ஒரு நிரலைச் சேர்க்குமாறு கேட்டேன்: மல்லரின் சொந்தப் பெயர், இசை ஒலித்து முடிந்தபின் அவருக்கு நேர்ந்தது. யோக்கோசூனா என்னும் ‘யப்பானியர்’ உண்மையில் சமோவா வமிசத்து அமெரிக்கர். 2000-இல் லிவர்பூலில் ஒரு ஹோட்டல் அறையில் முப்பத்து நான்கு வயதில் மாண்டவர் என்று அவ்வரிசையைத் தொடங்கலாம் என்றேன். நண்பர் உடன்படவில்லை. கொப்பி இசையைப் பற்றியது, ஆட்களைப் பற்றியதன்று என்கிறார். வரும் சனிக்கிழமை மறுபடியும் அவர் வீட்டுக்குப் போகவிருக்கிறேன்.