வீட்டுக்கு ஒரு விஞ்ஞானம்: சிறிய பற்றரியும் உப்புக் காற்றும்

பாலாவியிலிருந்து நுரைச்சோலையைக் கடந்து கற்பிட்டி வரை நீளும் சாலை, மேடு பள்ளம் அதிகமில்லாத சமநிலச் சாலை. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், இடையே தென்னந்தோப்பு. இத்தகைய சாலையைக் கண்ட இளைஞர் உள்ளத்தில் வேகத்தின் மீது ஆசை அரும்புவது இயல்பே. அந்த ஆசையின் ஒரு கிளைதான் சிறிய மோட்டார் வண்டியை வாங்கி, அதனைப் பந்தய வண்டியின் சாயலில் மாற்றியமைக்கும் வழக்கம்.

இவ்வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அண்மைக் காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியைச் செப்பனிட்டு மாற்றியமைத்து வைத்துக்கொள்வதே பலருக்கு வழியாயிற்று.

அவ்வாறு மாற்றியமைப்போர் எல்லாவற்றையும் ஆராய்வர். பற்றரியை மட்டும் கடைசியில் நினைப்பர். எஞ்சின் அறையில் புதிய உறுப்புகளைப் பொருத்திய பின் இடம் போதவில்லை. ஆகவே எது அடங்குமோ அதை வாங்கி வைத்துவிடுவோம் என்று முடிவுசெய்வர். “நன்றாக இருக்கும் பெரிய பற்றரியைக் கழற்றிவிட்டுக் காசு கொடுத்துச் சிறியதை வாங்குவானேன்?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பர். இரு தரப்பாரும் அறிய வேண்டியவை சில உள. அவற்றையே இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

முதலில் பெரியவர்களின் கேள்விக்கு விடை காண்போம். இடம் நெருக்கடியாகும்போது பற்றரியை வேறிடத்துக்கு மாற்றுவது வண்டி செய்வோரே கையாண்ட முறை. 1959இல் வெளிவந்த மினி வண்டியில் பற்றரி பின்புறத்து டிக்கியில் இருந்தது. 1962இல் வந்த எம்.ஜி.பி. என்னும் பந்தயச் சாயல் வண்டியில் ஆறு வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டினை ஆசனங்களுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். 1989இல் மஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 வண்டியிலோ, மூடப்பட்ட சிறிய பற்றரியொன்று டிக்கியின் மூலையில் அமைந்தது. முன்புறப் பாரத்தைக் குறைத்துப் பின்புறத்துக்குப் பகிர்ந்தால் வளைவுகளில் வண்டி சொற்படி கேட்கும் என்பதே இதன் உட்கருத்து. எனவே இளைஞர் எண்ணம் பிழையானதன்று. அளவறிந்து செய்ய வேண்டியது.

அளவு என்ன? சிறு வண்டியின் சாதாரண பற்றரி 12 கிலோ அளவில் இருக்கும். பந்தயக்காரர் விரும்பும் மிகச் சிறிய ஈயப் பற்றரி 7 கிலோ. இலிதியப் பற்றரியோ 3 முதல் 5 கிலோவுக்குள் அடங்கும். ஈயத்தில் மிச்சமாவது ஐந்து கிலோ. அதாவது கடையில் வாங்கும் ஓர் அரிசிப் பொதி. ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டியில் அது நூற்றில் அரைப் பங்கு. அரிசிப் பொதியொன்றைக் குறைப்பதற்காக எவ்வளவு காசையும் எவ்வளவு நிம்மதியையும் கொடுக்கலாம் என்பதை அவரவரே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பற்றரிக்கு வேலைகள் இரண்டு. எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவது ஒன்று. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைத் தொடக்கிய தொல்லை ஒழிய, 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில் சார்ள்ஸ் கெற்றரிங் என்பவரின் மின் தொடக்கி அமைக்கப்பட்டது. அன்று முதல் இவ்வேலை பற்றரியைச் சார்ந்தது. எஞ்சின் ஓடாதபோதும் கடிகாரம், திருட்டு அறிவிப்பு, கணினிப் பெட்டி முதலியவற்றுக்குச் சிறிது சிறிதாக மின்னோட்டம் வழங்குவது மற்றது. முதல் வேலைக்கு வேண்டியது ஒரு கணத்து வலிமை. இரண்டாவதற்கு வேண்டியது பல நாட்பொறுமை. சிறிய பற்றரிக்கு வலிமை உண்டு, பொறுமைதான் குறைவு.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிறுத்திவைத்த வண்டி 30 மில்லி அம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் அது 0.72 அம்பியர் மணி ஆகும். 45 அம்பியர் மணிப் பற்றரி பாதியாகக் குறைய ஏறக்குறைய 31 நாள் செல்லும். 16 அம்பியர் மணிப் பற்றரியோ 11 நாளிலேயே பாதியாகிவிடும். கொழும்பில் படிக்கும் பிள்ளை மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து வண்டியை எடுப்பதானால், இரண்டாவது பற்றரி அவனுக்குக் கைகொடுக்காது. மேலும், ஈயப் பற்றரி வெறுமையாகக் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிகங்கள் இறுகிவிடும். பின்னர் முழுமையாக மின்னேற்ற இயலாது. வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதே பற்றரி தேர்வோர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி.

இனிப் பெயர்ச்சீட்டைப் படிப்போம். நம் நாட்டில் மிகுதியான யப்பான் வண்டிகளின் பற்றரியில் “46 பி 24 எல்” என்பது போன்ற குறியீடு காணப்படும். முதல் எண் ஆற்றலின் தரம். “பி” அகலமும் உயரமும் சேர்ந்த வகுப்பு. 24 என்பது சென்ரிமீற்றரில் நீளம். இறுதி எழுத்து முனைகள் எப்பக்கம் உள்ளன என்பதைக் காட்டும். இறுதி எழுத்து மாறினால் கம்பி எட்டாது. எட்டினாலும் முனை மாறிப் பூட்டும் ஆபத்து நேரும். பழைய ஆங்கில வண்டி வைத்திருப்போர் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். 1967க்கு முற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகளில் எதிர்முனைக்குப் பதிலாக நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருந்தது.

குளிர்த் தொடக்க அம்பியர் என்றோர் எண்ணையும் கடைக்காரர் பெருமையாகச் சொல்வர். உறைநிலைக்குக் கீழே 18 பாகையில், 7.2 வோல்ற்றுக்குக் குறையாமல் 30 வினாடிக்குப் பற்றரி தரக்கூடிய மின்னோட்டம் அது. பனி பெய்யும் நாட்டார்க்கு அது உயிர்நிலை. புத்தளத்தார்க்கோ உறைபனியைக் கனவிலும் காண்பதரிது. எஞ்சினுக்குப் போதுமான அளவு இருந்தால் அமையும். அந்த எண்ணுக்காக அதிகப்படியான விலை கொடுக்க வேண்டியதில்லை.

இக்கரையில் பற்றரியைக் கொல்வது வெயில். ஈயப் பற்றரியின் வெப்பநிலை 25 பாகைக்கு மேல் பத்துப் பாகை ஏறுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொது விதி. மாற்றியமைத்த எஞ்சினின் அறையில் வெப்பம் 60 பாகையைத் தாண்டுதலும் உண்டு. அடுத்த பகை உப்புக் காற்று. அமில ஆவியும் உப்பு ஈரமும் சேர்ந்து முனைகளில் வெண்மையும் பச்சையுமாகப் பொருக்கு வளர்க்கின்றன. பற்றரி செத்துவிட்டது என்று வீசப்படுவனவற்றுட் சிலவற்றின் நோய் இப்பொருக்கு மட்டுமே. சோடா உப்புக் கரைத்த நீரால் துடைத்து, உலர்த்தி, இறுகப் பூட்டி, மேலே வசலின் பூசிவைத்தால் தீரும்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, அமில நீர் நிறைந்த பழைய வகை. பிரான்சு நாட்டுக் கஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்ட ஈயக் கலத்தின் நேர் வாரிசு இது. விலை மலிவு, நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை வார்க்கலாம். கிணற்று நீர் ஆகாது. அதிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். கவிழ்ந்தால் அமிலம் சிந்தும். ஆதலின் பயணிகள் அமரும் பகுதிக்கு ஏற்றதன்று. இரண்டாவது, ஏ.ஜி.எம். எனப்படும் வகை. இதில் அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கிறது. சிந்தாது, அதிர்வைத் தாங்கும், எனினும் மிகை மின்னேற்றத்தால் வற்றினால் மீண்டும் நீர் வார்க்க வழியில்லை.

மூன்றாவது, இலிதிய இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி. 2019இல் நோபல் பரிசு பெற்ற ஜோன் குடினஃபும் அவருடன் ஆய்வு செய்தோரும் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பிறந்தது. பிற இலிதிய வகைகளை நோக்கத் தீப்பற்றும் இயல்பு குறைந்தது, பஞ்சுபோல் இலேசானது. ஆயினும் விலை பல மடங்கு. உள்ளே காவற் சுற்று ஒன்று உண்டு. மின்னாக்கி ஏறக்குறைய 14.6 வோல்ற்றுக்கு மேல் தந்தால் அச்சுற்றுப் பற்றரியைத் துண்டித்துவிடும். எஞ்சின் ஓடும்போது அப்படி நேர்ந்தால் மின்னழுத்தம் துள்ளி எழுந்து வண்டியின் கணினிப் பெட்டியைப் பாழாக்கக் கூடும். மின்னழுத்தத்தை அளந்து பாராமல் இப்பற்றரியைப் பூட்டுதல் தகாது. எஞ்சின் அறையின் வெப்பமும் இதற்கு ஆகாது.

எமது முடிவு இதுதான்: அன்றாடம் சாலையில் ஓடி, வார இறுதியில் சற்று விளையாடும் வண்டிக்கு, 30 அம்பியர் மணி அளவுள்ள ஏ.ஜி.எம். பற்றரியே புத்தளக் கரைக்குப் பொருந்தும். 16 அம்பியர் மணிக் குறும்பற்றரி, நிறுத்தும்போதெல்லாம் மின்னிணைப்பைத் துண்டிக்கும் ஆளி வைத்த பந்தய வண்டிக்கு உரியது. இலிதியம், மின்னாக்கியைச் சோதித்து, பற்றரியை வெப்பம் படாத இடத்தில் வைக்கக் கூடியவர்க்கு உரியது.

பற்றரியை டிக்கிக்கு மாற்றுவோர் கம்பியில் சிக்கனம் பிடிக்கலாகாது. நான்கு மீற்றர் நீளமும் 16 சதுர மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள செப்புக் கம்பியில் 150 அம்பியர் ஓடினால் 0.65 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். 35 சதுர மில்லிமீற்றராயின் இழப்பு 0.3 வோல்ற்றே. பற்றரிக்கு மிக அருகில் தக்க உருகி ஒன்று இருத்தல் வேண்டும். அஃதில்லாமல் அக்கம்பி எங்காவது உராய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால் நொடியில் தீ மூளும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே வெடிக்கக் கூடிய ஐதரசன் மின்னேற்றத்தின்போது வெளிவருமாதலால், ஈயப் பற்றரியின் ஆவிக்குழாயை வெளியே விட வேண்டும். பற்றரி அசையாதபடி உலோகப் பட்டியால் இறுக்க வேண்டும். கழற்றும்போது உடலோடு சேர்ந்த முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடுக.

வாங்குமுன் கடையிலேயே வோல்ற்று அளந்து பார்ப்பது நன்று. நிறைந்த ஈயப் பற்றரி 12.6க்குக் குறையாது காட்டும், 12.2 என்றால் பாதி வெறுமை. உற்பத்தித் திகதி பழையதாயின், விலை மலிவாயினும் வேண்டாம் என்க.

இத்தனையும் சொன்னபின், கழற்றிய பழைய பற்றரியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. உண்மையில் இதுவே எல்லாவற்றிலும் பெரிய விடயம். கரையோர நாடுகள் பலவற்றில் பற்றரி ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பதுண்டு. ஆபிரிக்காவின் செனகல் நாட்டில், டக்கார் நகரை அடுத்த தியாறோய் என்னும் கடலோரக் குடியிருப்பில், பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். அந்த ஈயத் துகள் படிந்த மண்ணைப் பலர் வீடுகளுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தபோது எஞ்சிய பிள்ளைகளின் இரத்தத்திலும் தாய்மாரின் இரத்தத்திலும் ஈயம் மிகுந்திருந்தது. மணலில் விளையாடியதன்றி அக்குழந்தைகள் செய்த குற்றம் யாது?

உடப்பிலும் கற்பிட்டியிலும் மணலில் விளையாடாத குழந்தை உண்டோ? ஆகவே பழைய பற்றரியைக் கொல்லையில் போடாதீர்கள், உடைக்காதீர்கள், அடுப்பில் ஈயம் உருக்க இடங்கொடாதீர்கள். புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். நிமிர்ந்த நிலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அமிலம் மேலே பட்டால் கால் மணி நேரம் நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியவாறே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

சாலையிலே முந்திச் செல்லும் வண்டி ஊரார் கண்ணைக் கவரலாம். அதன் சொந்தக்காரர் எத்தகையவர் என்பதை அறிய விரும்பினாலோ, டிக்கியைத் திறந்து உருகியையும் பட்டியையும் பாருங்கள். பின்னர் வீட்டுக் கொல்லையையும் ஒருமுறை பாருங்கள்.